மேட்ச்-கேஸ் எதற்கு, இஃப்-எலிஃப் போதாதா?

கேள்வி: பிப்ரவரி 8, மாலை (தென்காசியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

அண்ணாச்சி, பைதான்ல மேட்ச்-கேஸ் வந்து நாளாச்சு. எங்க லேப்ல "சி மொழியோட ஸ்விட்ச் மாதிரி" அப்படின்னு ஒரே வரியில சொல்லி முடிச்சிட்டாங்க. அப்படின்னா இஃப்-எலிஃப்-எல்ஸ் எழுதுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வரி கூடத்தான் செய்யுது, குறையலை. வேலையில இருக்கிறவங்க நிஜமாவே இதை எழுதுறாங்களா, இல்ல இன்டர்வியூவுக்கு மட்டும் படிக்கணுமா?

பிப்ரவரி 8, இரவு

தம்பி, ஒரு மாறியில் இருப்பது இந்த மதிப்பா அந்த மதிப்பா என்று பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் இஃப்-எலிஃப் தாராளமாகப் போதும். மதிப்புகள் நிறைய இருந்தால் ஒரு டிக்‌ஷனரி போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ஃபங்ஷனை வைத்துவிடலாம். பைதானில் காலகாலமாக அப்படித்தான் எழுதி வருகிறோம், இன்றும் அது நல்ல வழிதான். உங்கள் லேபில் காட்டியது கிழமை எண்ணைக் கொடுத்தால் கிழமைப் பெயர் வரும் உதாரணமாக இருக்கும். அதற்கு மேட்ச் தேவையே இல்லை. அதனால்தான் வரி கூடுவது மட்டும் உன் கண்ணில் பட்டது.

மேட்ச் வந்தது வடிவம் பார்க்க. கைக்கு வந்த தரவு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்கும், பொருந்தினால் உள்ளே இருப்பதைப் பெயர் வைத்து எடுத்தும் கொடுக்கும். இரண்டும் ஒரே வரியில் நடக்கும்.

நான் பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறி கமிஷன் மண்டிக்குக் கணக்கு புரோகிராம் பார்த்துக்கொள்கிறேன். காலையில் லாரியும் வேனும் வந்து இறங்கும்போது பையன்கள் போனில் பதிவு போடுவார்கள். அது ஜேசானாக (பெயரும் மதிப்புமாக எழுதும் தரவு வடிவம்) வந்து சேரும். வெண்டைக்காய் கிலோவில் வரும், கொத்தமல்லி கட்டில் வரும், வாழை தாரில் வரும். நடுவில் விவசாயிக்குக் கொடுத்த முன்பணம், இறக்குகூலி எல்லாம் அதே வழியில்தான் வரும். அதை இப்படி எழுதியிருக்கிறேன் (பைதான் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், ஓட்டும்போது மாற்றிக்கொள். மாறிப்பெயர்களை மாற்ற வேண்டாம், பைதான் 3 தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்கும்):

மேட்ச் பதிவு:
  கேஸ் {"வகை": "வரத்து", "காய்": காய், "அளவு": [எத்தனை, "கிலோ"]}:
    எடையில்_ஏற்று(காய், எத்தனை)
  கேஸ் {"வகை": "வரத்து", "காய்": காய், "அளவு": [எத்தனை, "கட்டு" | "தார்"]}:
    எண்ணிக்கையில்_ஏற்று(காய், எத்தனை)
  கேஸ் {"வகை": "முன்பணம்", "விவசாயி": பெயர், "தொகை": தொகை} இஃப் தொகை > 0:
    பற்று_எழுது(பெயர், தொகை)

முதல் கேஸை மட்டும் இஃப்பில் எழுதிப் பார். வந்தது டிக்‌ஷனரியா, அதில் "வகை" இருக்கிறதா, அது "வரத்து"தானா, "காய்" இருக்கிறதா, "அளவு" இருக்கிறதா, அது பட்டியலா, அதில் சரியாக இரண்டு உருப்படியா, இரண்டாவது "கிலோ"வா. இத்தனையும் கேட்ட பிறகு காயையும் எண்ணையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இதில் ஒரு கேள்வியை விட்டுவிட்டால் என்றைக்காவது விடிகாலையில் கீ-எரர் (கேட்ட பெயர் டிக்‌ஷனரியில் இல்லை என்ற எரர்) வந்து நிற்கும். மேட்சில் அந்த எட்டுக் கேள்வியும் ஒரு கேஸ் வரிக்குள் அடங்கிவிட்டது. படிக்கிறவனுக்கும் பதிவு எப்படி இருக்கும் என்று படம் மாதிரி தெரிகிறது.

வேலையில் இருப்பவர்கள் எழுதுகிறார்கள் தம்பி. நான் தினமும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, காலை

ஒன்றை நேற்றே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் சி-யிலிருந்து வருகிறவர்கள் முதலில் விழும் குழி இதுதான்.

மேலே ஒரு வரியில்
வரத்து = 1
விற்பனை = 2
என்று மாறிலி வைத்துக்கொண்டு, மேட்சுக்குள்
கேஸ் வரத்து:
என்று எழுதினால் "மதிப்பு 1-ஆக இருந்தால்" என்று பைதான் எடுத்துக்கொள்ளாது. தனியாக நிற்கும் பெயர் எதையும் பிடித்துக்கொள்ளும். "எது வந்தாலும் சரி, அதை வரத்து என்ற பெயரில் வை" என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். விற்பனைப் பதிவு வந்தால் வரத்து என்ற மாறிக்குள் 2 போய் உட்கார்ந்திருக்கும், உன் மாறிலி போன இடம் தெரியாது.

அதற்குக் கீழே இன்னொரு கேஸ் இருந்தால் பைதான் ஓடவே மறுத்து சின்டாக்ஸ் எரர் கொடுக்கும், மீதி கேஸ்களுக்குப் போக வழியில்லை என்று தெளிவாகச் சொல்லும். சிக்கல் அது கடைசி கேஸாக இருக்கும்போதுதான். அப்போது எந்தச் சத்தமும் வராது, எல்லாமே வரத்தாகிவிடும்.

ஃபங்ஷனுக்குள் எழுதினால் இன்னொரு கூத்தும் உண்டு. கேஸில் வந்த பெயர் அந்த ஃபங்ஷனுக்குள் உள்ளூர் மாறியாகிவிடுவதால், மேட்சுக்கு மேலே அதே பெயரைப் படிக்கப் போனால் "இன்னும் மதிப்பே வரவில்லையே" என்று எரர் வரும். வெளியே மாறிலி கண்ணுக்கு நேரே இருக்கும்போது இந்த எரர் வந்தால் ஆள் குழம்பிப்போவார்.

வழி சுலபம். பெயருக்குள் புள்ளி இருந்தால் மதிப்பு, புள்ளி இல்லாவிட்டால் வலை. ஆகவே ஈனம் (பெயர் வைத்த மதிப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் வகை) போடு: கேஸ் வகை.வரத்து: என்று எழுதினால் ஒப்பிடும்.

பிப்ரவரி 9, மதியம்

"எங்கள் பழைய கோடில் மேட்ச் என்று மாறிப்பெயர் இருக்கிறது, உடைந்துவிடுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உடையாது. மேட்ச், கேஸ் இரண்டும் மென்மையான கீ-வேர்டுகள். அந்த இடத்தில் நின்றால்தான் கீ-வேர்டு, மற்ற இடத்தில் சாதாரணப் பெயர். ரெகுலர் எக்ஸ்பிரஷன் மாட்யூலில் மேட்ச் என்ற ஃபங்ஷன் எப்போதோ இருக்கிறது, அதைக் கெடுக்க முடியாது என்பதற்காகவே இப்படி வைத்தார்கள்.

பிப்ரவரி 11, இரவு

சி ஸ்விட்ச் பற்றி. பேச்சு வந்துவிட்டதால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

சி-யின் ஸ்விட்சில் கேஸ் என்பது ஒரு கதவு எண் மட்டும்தான். மதிப்பு பொருந்திய இடத்துக்குத் தாவிப் போகும், அங்கிருந்து பிரேக் வரும்வரை கீழே ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த கேஸ் வந்தாலும் நிற்காது. கேஸ் வரி வெறும் முத்திரை என்பதால்தான் டாம் டஃப் 1983-ல் ஸ்விட்சையும் லூப்பையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி எழுத முடிந்தது. அந்தக் கோடை முதல் தடவை பார்க்கிறவர்கள் இது கம்பைல் ஆகுமா என்றே சந்தேகப்படுவார்கள். ஆகும்.

பிரேக் மறந்தால் அடுத்த கேஸுக்குள் விழுவது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. பிரேக்கைப் போட்டதாலேயே வரும் தொல்லை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1990 ஜனவரி 15-ல் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி-யின் தொலைதூரத் தொலைபேசி வலை சுமார் ஒன்பது மணி நேரம் தடுமாறியது. இணைப்பகங்களில் ஓடிய சி கோடில், ஸ்விட்சுக்குள் ஓர் இஃப், அந்த இஃப்புக்குள் ஒரு பிரேக். இஃப்பை முடித்துக்கொண்டு மேலே போக வேண்டிய இடத்தில், அந்த பிரேக் ஸ்விட்சிலிருந்தே வெளியே தூக்கிப் போட்டுவிட்டது. ஒரு இணைப்பகம் விழுந்து எழுந்ததும் பக்கத்து இணைப்பகங்களுக்குத் தகவல் அனுப்பும், அந்தத் தகவலைப் படிக்கும் கோடில்தான் பிழை. அதனால் அவையும் விழுந்தன. அவை எழுந்து தங்கள் பக்கத்துக்குத் தகவல் அனுப்ப, அங்கேயும் அதேதான். சங்கிலியாக ஓடியது.

பிரேக் என்ற ஒரே சொல் லூப்புக்கும் ஸ்விட்சுக்கும் பொதுவாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்காத இடம். லூப்புக்குள் ஸ்விட்ச் எழுதி, உள்ளே பிரேக் போட்டால் ஸ்விட்ச் மட்டும் முடியும், லூப் தொடரும். கோ மொழியிலும் இது அப்படியேதான். பைதான் மேட்சுக்குத் தனக்கென்று பிரேக்கே கிடையாது. ஆகவே மேட்சுக்குள் பிரேக் போட்டால் அது வெளியே இருக்கும் லூப்பைத்தான் நிறுத்தும். சி-யிலிருந்து வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு கேஸ் முடிவிலும் பிரேக் போட்டால், முதல் பதிவோடு லூப் முடிந்துவிடும். வெளியே லூப் இல்லை என்றால் சின்டாக்ஸ் எரர் வந்து காப்பாற்றும்.

மற்ற மொழிகள் இதை ஒவ்வொன்றாகச் சரிசெய்தன. சி ஷார்ப்பில் கேஸ் தானாகக் கீழே விழுந்தால் கம்பைலரே விடாது. கோவிலும் ஸ்விஃப்ட்டிலும் விழாது, விழ வேண்டும் என்றால் ஃபால்த்ரூ என்று எழுதிக் கேட்க வேண்டும். ஜாவா 14-ல், 2020-ல், அம்புக்குறி போட்ட கேஸ் நிலையாக வந்தது, அதுவும் விழாது. சி-க்கு ஜிசிசி என்ற கம்பைலரில் 7-வது பதிப்பு (2017) முதல் எச்சரிக்கை உண்டு, எக்ஸ்ட்ரா எச்சரிக்கைகளைப் போட்டால் சேர்ந்தே வரும்.

பிப்ரவரி 12, காலை

பைதானில் ஏன் இத்தனை காலம் ஸ்விட்ச் இல்லை என்று கேட்டதற்கு: முயற்சி நடக்காமல் இல்லை. 2001-ல் ஒரு முன்மொழிவு வந்தது, 275-வது பெப். 2006-ல் பைதானை உருவாக்கிய கைடோ வான் ரோசமே இன்னொன்று எழுதினார், 3103-வது பெப். 2007 பைகான் மாநாட்டில் தன் உரையின் நடுவே கூட்டத்தைக் கேட்டார், ஆதரவு இல்லை, நிராகரித்துவிட்டார். அந்தக் கூட்டம் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். அன்று முன்வைத்தது வெறும் ஸ்விட்ச், அதற்கு இஃப்பும் டிக்‌ஷனரியும் போதும்.

2020-ல் வந்தது வேறு ரகம், பேட்டர்னைப் பொருத்திப் பார்ப்பது. முதலில் 622-வது பெப், பிறகு அதை மூன்றாகப் பிரித்து 634, 635, 636. 2021 அக்டோபர் 4-ல் பைதான் 3.10-ல் வந்தது. 636 பாடம் மாதிரி எழுதியது, மாணவர்கள் அதைப் படித்தால் போதும். ஏன் இப்படி முடிவெடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் 635.

பிப்ரவரி 15, இரவு

இத்தனை நாள் எழுதியதில் உண்மையில் சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. மேட்ச் அழகாக இருக்கிறது, வரி குறைகிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். எதை விட்டுவிட்டோம் என்று அது சொல்ல வேண்டும். சொல்லவிடாமல் வாயைப் பொத்துவது கடைசியில் போடும் அந்த அடிக்கோடு கேஸ் (கேஸ் _: என்று எழுதுவது, எது வந்தாலும் ஏற்கும்), மற்ற மொழிகளில் டீஃபால்ட், இஃப்பில் எல்ஸ்.

மண்டியில் எனக்கு முன்னால் வேறொருவர் எழுதிய பழைய புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. இஃப் வரத்து, எலிஃப் விற்பனை, எலிஃப் முன்பணம், எல்ஸ் செலவு. எழுதிய அன்று அது சரியாகத்தான் இருந்திருக்கும், மிச்சம் இருந்தது கூலியும் டீயும்தானே. பிறகு தக்காளிக்குப் பிளாஸ்டிக் பெட்டி வந்தது. கேரளாவுக்கு எடுத்துப் போகும் வியாபாரியிடம் பெட்டிக்குப் பணம் வாங்கி வைப்பார்கள், காலிப்பெட்டி திரும்பி வந்ததும் பணத்தைக் கொடுப்பார்கள். போன் திரையில் "பெட்டி" என்று ஒரு பதிவு வகையைச் சேர்த்துவிட்டார்கள். கணக்கு பக்கம் யாரும் கைவைக்கவில்லை. புரோகிராம் உடையவில்லை, எரர் வரவில்லை. பெட்டி எல்ஸில் போய் விழுந்தது.

கணக்குப்பிள்ளை வயதானவர், இன்னமும் பேரேட்டில் கையால் ஒரு பிரதி எழுதுகிறவர். அவர்தான் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, பெட்டிப் பணம் வாங்குன அன்னிக்கும் செலவுன்னு விழுது, திருப்பிக் குடுத்த அன்னிக்கும் செலவுன்னு விழுது. அப்ப பணம் எங்கன இருக்கு?"

பணம் கல்லாப்பெட்டியில்தான் இருந்தது, கணக்கில்தான் இல்லை. தினமும் கல்லாவில் கூடுதலாக நின்றதைச் "சில்லறை வித்தியாசம்" என்று ஒரு வரி போட்டு நேர் செய்திருக்கிறார்கள். அந்தச் சில்லறை வித்தியாசம் பக்கம் பக்கமாக ஓடியது. நானும் அவரும் உட்கார்ந்து எந்தப் பதிவு பெட்டி, எது உண்மையான செலவு என்று சிட்டையை வைத்துப் பிரித்தோம். இரண்டும் ஒரே பெயரில் விழுந்திருந்ததால் கம்ப்யூட்டரை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்கவே முடியாது. அவருடைய பேரேடு இல்லாவிட்டால் அந்தக் கணக்கு போனதுதான்.

அந்த எல்ஸ் இல்லாமல் இருந்திருந்தால், அல்லது எல்ஸில் "இது எனக்குத் தெரியாத வகை" என்று நின்றிருந்தால், பெட்டிப் பதிவு போட்ட முதல் காலையிலேயே தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 16, காலை

நேற்று எழுதியதை வைத்து "அப்படியானால் அடிக்கோடு கேஸே போடக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரவு முழுக்க அதையேதான் யோசித்தேன். இரண்டு இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து தரவு வரும் இடம் ஒன்று. போனிலிருந்து, எக்செல்லிலிருந்து, இன்னொருவர் சர்வரிலிருந்து. அங்கே எது வேண்டுமானாலும் வரலாம், நாளைக்கு என்ன வரும் என்று நம் கையில் இல்லை. அங்கே அடிக்கோடு கேஸ் கட்டாயம் வேண்டும். கேரள எல்லையில் இருக்கும் புளியரை சோதனைச்சாவடி மாதிரி. தெரியாத சரக்கை ஓரமாக நிறுத்திவைப்பதுதான் அதன் வேலை, வெண்டைக்காய் என்று எழுதி உள்ளே விடுவது கிடையாது. நான் அங்கே "புரியாத பதிவு" என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். காலை கணக்கு முடிக்கும் முன் அது காலியாக இருக்க வேண்டும்.

உள்ளே இருப்பது இரண்டாவது இடம். சாவடி தாண்டியதும் எல்லாமே நாம் செய்து வைத்த டேட்டாகிளாஸ்கள் (தரவை வைத்திருப்பதற்கான கிளாஸ்கள்): வரத்து, விற்பனை, முன்பணம், கூலி, பெட்டி. வேறு எதுவும் வர வழியில்லை. அங்கே அடிக்கோடு போட்டு எதையாவது செய்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். வகைகளை யூனியனாகச் சேர்த்து ஒரு பெயர் வைத்து, மேட்சில் ஒவ்வொன்றாக எழுதி, கடைசியில் மட்டும்

கேஸ் _ ஆஸ் மீதி:
  அசர்ட்_நெவர்(மீதி)

என்று போடு. இது 3.11-லிருந்து டைப்பிங் மாட்யூலில் இருக்கிறது. மைபையோ பைரைட்டோ (புரோகிராமை ஓட்டாமலே வகைகளைச் சரிபார்க்கும் டைப் செக்கர்கள்) ஓட்டினால், எல்லா வகையும் மேலே தீர்ந்துவிட்டதா என்று அது பார்க்கும். நாளைக்கு "தராசு வாடகை" என்று ஒரு வகையைச் சேர்த்துவிட்டு, எந்த மேட்சிலாவது அதை எழுத மறந்தால், புரோகிராமை ஓட்டுவதற்கு முன்பே அந்த வரியைக் காட்டிவிடும். செக்கரைத் தாண்டி ஓடிவிட்டாலும் அந்த இடத்தில் எரர் போட்டு நிற்கும்.

பைதானைத் தனியாக விட்டால் இதைச் சொல்லாது. எந்த கேஸும் பொருந்தாவிட்டால் சத்தம் போடாமல் மேட்சைத் தாண்டிப் போய்விடும். அதனால் டைப் செக்கர் இல்லாமல் பைதான் மேட்ச் எழுதுகிறவர் இந்த வசதியில் பாதியைத்தான் அனுபவிக்கிறார்.

பிப்ரவரி 16, மதியம்

மற்ற மொழிகளில் இதே விஷயம், சுருக்கமாக.

ரஸ்டில் விட்டுப்போன வகை இருந்தால் கம்பைலே ஆகாது, எது விட்டுப்போனது என்று பெயர் சொல்லும். ஜாவாவில் சீல்டு கிளாஸ், அதாவது தன் பிள்ளைகள் யார் யார் என்று முன்பே வரையறுத்த கிளாஸ் (17-ல் நிலையானது, 2021), அதன்மேல் பேட்டர்ன் வைத்த ஸ்விட்ச் (21, 2023 செப்டம்பர்). டீஃபால்ட் எழுதாமல் விட்டால் கம்பைலர் எண்ணிப் பார்க்கும். டீஃபால்ட் எழுதினால் எண்ணாது.

சி-யிலும் உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஈனம் மீது ஸ்விட்ச் போட்டால், விட்டுப்போன உறுப்பை ஜிசிசி எச்சரிக்கும், "ஆல்" எச்சரிக்கைகளிலேயே அது வரும். டீஃபால்ட் போட்ட மறுகணம் அந்த எச்சரிக்கை நின்றுவிடும். "ஸ்விட்சில் எப்போதும் டீஃபால்ட் போட வேண்டும்" என்று கல்லூரியில் சொல்லிக் கொடுப்பதை எல்லா இடத்துக்கும் விதியாக வைக்கலாமா என்பதை இதை வைத்து யோசித்துப் பார். தனியாகக் கேட்டால் டீஃபால்ட் இருந்தாலும் எச்சரிக்கும்படி ஜிசிசி-யை வைக்கலாம், அதற்கு ஸ்விட்ச்-ஈனம் என்று வேறு கொடி.

நான் சொன்ன உள்ளே-வெளியே பிரிவினை ரஸ்டில் மொழிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ஈனத்தை "இன்னும் வளரும்" என்று குறித்து வெளியிட்டால், வேறு கிரேட்டில் (ரஸ்டில் ஒரு தொகுப்புக்குப் பெயர்) இருந்து அதை உபயோகிக்கிறவர்கள் அடிக்கோடு போட்டே ஆக வேண்டும், எழுதியவர் மட்டும் தன் கிரேட்டுக்குள் அது இல்லாமல் எழுதலாம். இதை யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு.

பிப்ரவரி 18, இரவு

மாணவத் தம்பி தன் கோடை அனுப்பியிருந்தார். அதைப் பார்த்தபோது எழுதத் தோன்றியவை.

கேஸ் இன்ட்(): என்று எழுதினால் ட்ரூவும் ஃபால்ஸும் அதில் மாட்டும், ஏனென்றால் பைதானில் பூல் என்பது இன்ட்டின் பிள்ளை. பூல் கேஸை மேலே வை. அதே மாதிரி கேஸ் 1: என்பது 1.0-ஐயும் ட்ரூவையும் ஏற்கும், சமமா என்றுதான் பார்க்கிறது. கேஸ் ட்ரூ: என்று எழுதினால் மட்டும் அதே பொருளா என்று பார்க்கும், 1 அங்கே செல்லாது.

கேஸ் []: காலிப் பட்டியலுக்கு மட்டும் பொருந்தும். கேஸ் {}: எந்த டிக்‌ஷனரிக்கும் பொருந்தும், காலி என்று நினைத்து எழுதிவிடாதே. டிக்‌ஷனரி பேட்டர்ன் கேட்ட கீ-கள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், கூடுதலாக இருப்பதைக் கண்டுகொள்ளாது. பல சமயம் இதுதான் நமக்கு வேண்டியது. போன் செயலியில் நாளைக்குப் படம் ஒன்றைச் சேர்த்து அனுப்பினாலும் நம் கேஸ் உடையாது. கூடுதல் எதுவும் வரக் கூடாது என்றால் இரட்டை நட்சத்திரம் போட்டு மீதியைப் பிடித்து, அது காலியா என்று இஃப்பில் பார்.

ஸ்ட்ரிங்கைப் பட்டியல் பேட்டர்ன் பிடிக்காது. கேஸ் [அ, ஆ]: என்பதற்கு "கட்" என்ற ஸ்ட்ரிங் பொருந்தாது. லிஸ்டும் டியூப்பிளும் பொருந்தும், வட்ட அடைப்பு போட்டாலும் சதுர அடைப்பு போட்டாலும் ஒன்றுதான்.

இன்னொன்று. இஃப் கார்டு (கேஸ் வரியின் கடைசியில் போடும் இஃப் நிபந்தனை) பொருந்தாவிட்டாலும் அந்தக் கேஸில் பிடித்த பெயர்களுக்கு மதிப்பு ஏறிவிட்டிருக்கும். மேட்ச் முடிந்த பிறகும் அந்தப் பெயர்கள் உயிரோடுதான் இருக்கும். உன் கோடில் கடைசியில் தொகையை அச்சிட்ட இடத்தில் வேறு கேஸின் தொகை வந்தது இதனால்தான்.

பிப்ரவரி 20, காலை

வேகம் கேட்டார்கள். சி-யில் கேஸ் எண்கள் நெருக்கமாக இருந்தால் கம்பைலர் ஒரு தாவு அட்டவணை போடும், எத்தனை கேஸ் இருந்தாலும் ஒரே தாவல். பைதான் மேட்சில் அது இல்லை, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஆகவே அடிக்கடி வருவதை மேலே வை. மண்டியில் வரத்துதான் அதிகம், அது முதலில். வேகத்துக்காக இஃப்பை மேட்சாக மாற்ற வேண்டாம்.

பிப்ரவரி 23, இரவு

ஒரு நல்ல கேள்வி: "மேட்ச் எதற்கு, ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு மெத்தட் வைத்தால் தானாகவே பிரிந்துவிடாதா? ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்று அதைத்தானே படித்தோம்?"

இரண்டுக்கும் இடம் உண்டு. பதிவு வகைகள் கூடிக்கொண்டே போகும், செய்ய வேண்டிய வேலை இரண்டே இரண்டு என்றால் மெத்தட்தான் நல்லது. புது வகை வந்தால் புதுக் கிளாஸ் ஒன்று எழுதினால் போதும், பழைய கோடைத் தொட வேண்டாம். வகைகள் ஐந்தாறோடு நின்று, வேலைகள் கூடிக்கொண்டே போனால் மேட்ச் நல்லது. மண்டியில் வகை எப்போதாவதுதான் கூடுகிறது. அறிக்கைதான் வாரம் ஒன்று கேட்கிறார்கள்: விவசாயி வாரியாக, லாரி வாரியாக, தரகு மட்டும், பெட்டி நிலுவை மட்டும். ஒவ்வொன்றுக்கும் எல்லாக் கிளாஸையும் திறந்து ஒரு மெத்தட் சேர்ப்பதைவிட, ஒரு ஃபங்ஷனில் ஒரு மேட்ச் எழுதினால் அறிக்கை முழுவதும் ஒரே திரையில் தெரிகிறது. இரண்டு பக்கமும் சுலபமாக வளரும்படி செய்வது எப்படி என்பது மொழி வடிவமைப்பில் பழைய பிரச்சினை. ஃபிலிப் வாட்லர் 1998-ல் அதற்கு எக்ஸ்பிரஷன் பிராப்ளம் என்று பெயர் வைத்தார்.

இந்தப் பேட்டர்ன் வழக்கம் பைதானுக்குப் புதிது, மற்றபடி வயதானது. எடின்பரோவில் ஹோப் என்ற மொழியில், 1980-ல், வகையையும் பேட்டர்னையும் இன்றைக்கு நாம் எழுதும் மாதிரியே வைத்திருந்தார்கள். எம்எல் குடும்பம், ஹாஸ்கெல், எர்லாங் எல்லாம் அதை அன்றாடச் சாப்பாடாக வைத்திருந்த காலத்தில் நாங்கள் ஜாவாவில் இன்ஸ்டன்ஸ்-ஆஃப் போட்டு வரிசையாக இஃப் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த மொழிகளில் ஒன்றையாவது ஒரு விடுமுறையில் படித்துப் பார் தம்பி, வேலைக்கு ஆகாவிட்டாலும் சரி.

பிப்ரவரி 25, மாலை

திருத்தி அனுப்பிய கோட் பார்த்தேன். டேட்டாகிளாஸ் பிரித்த விதம் நன்றாக இருக்கிறது, அளவைத் தனி கிளாஸாக வைத்தது எனக்கே தோன்றாதது, நானும் மண்டிக் கோடில் அப்படி மாற்றப் போகிறேன்.

இரண்டு மாற்றம் மட்டும் செய். விற்பனை கேஸுக்கு "இஃப் எடை > 0" என்று கார்டு போட்டிருக்கிறாய். கார்டு போட்ட கேஸ் அந்த வகையைத் தீர்த்துவிட்டதாக மைபை எடுத்துக்கொள்ளாது, அது சரியும்கூட, எடை 0-ஆக வந்தால் என்ன செய்வது என்று நீ இன்னும் சொல்லவில்லையே. கீழே கார்டு இல்லாமல் இன்னொரு விற்பனை கேஸ் போட்டு அதற்கான வேலையை எழுது. கடைசியில் அடிக்கோடில் "பாஸ்" என்று விட்டிருக்கும் இடத்தில் அசர்ட்_நெவர் போட்டுவிட்டு மைபையை ஓட்டு. முதலில் சிவப்பாக மூன்று நான்கு வரி வரும். கூலி வகையை எங்கேயும் எழுதவே இல்லை, அதைத்தான் சொல்லும்.